லுவார் பக்கம் மூன்று நாள்: ஒயின் குடிக்காத குடும்பத்துக்கு அங்கே என்ன இருக்கிறது?

கோவை_மணியன்

வணக்கம் நண்பர்களே. செப்டம்பர் இரண்டாம் வாரம் அலுவலக வேலையாக பாரிஸ் போகிறேன். வேலை முடிகிற சமயத்தில் மனைவி, ஒன்பது வயது மகள், அம்மா மூவரும் வந்து சேர்கிறார்கள். மூன்று நாள் கையில் இருக்கிறது. லுவார் ஆற்றுப் பக்கம் போய் அரண்மனைகளைப் பார்க்கலாம் என்று ஆசை. மகள் ஏற்கெனவே "கோட்டை, கோட்டை" என்று உயிரை எடுக்கிறாள்.

நண்பர் ஒருவரிடம் சொன்னேன். "அது ஒயின் ஊர்யா, பச்சைத்தண்ணி குடிக்கிற குடும்பத்துக்கு அங்கே என்ன வேலை?" என்று கேட்டுவிட்டார். அவர் சொல்வதும் சரிதானோ என்று இப்போது சந்தேகம். வீட்டில் நான் மட்டும் எப்போதாவது ஒரு வாய். அம்மாவுக்கு 68 வயது, முட்டிவலி, முட்டைகூடச் சேராத சைவம்.

என் திட்டம் இது. முதல் நாள் ஷாம்போர், ஷெவெர்னி, ப்ளுவா. இரண்டாம் நாள் ஆம்புவாஸ், ஷெனோன்ஸோ, ஷோமோன். மூன்றாம் நாள் விலாந்ரி, அஸே-லெ-ரிதோ, ஷினோன். வருமா?

லாஷப்பல்_தம்பி

வணக்கம் அண்ணை. மூன்று நாளில ஒன்பதோ! நான் பாரிஸில இருபது வருசமா இருக்கிறன், இன்னும் ஒன்பது பார்த்து முடிக்கேல்ல.

போன வருசம் நாங்களும் இப்படித்தான் வெளிக்கிட்டம். மூன்றாவது கோட்டை வாசலில மகன் காரை விட்டு இறங்கமாட்டன் எண்டு நிண்டுட்டான். "அப்பா, திரும்பவும் கட்டில்தானே காட்டப்போறாங்கள்" எண்டு கேட்டான். பதில் சொல்லத் தெரியேல்ல. ஒரு நாளைக்கு இரண்டு, அதுக்கு மேல வேண்டாம்.

கார் எடுக்கிறதெண்டால் சர்வதேச ஓட்டுநர் அனுமதி கொண்டு வாங்கோ. கிராமத்து ரோட்டில வேற பலகை இல்லாட்டி வலப்பக்கத்தால வாறவனுக்குத்தான் முன்னுரிமை. சின்ன ஒழுங்கைக்குள்ள இருந்து ஒரு கிழவர் பழைய ரெனோவோட வந்து நிப்பார், பிழை உங்கட பக்கம்தான். காரை எடுக்க முன்னம் நாலு பக்கமும் வீடியோ எடுத்து வையுங்கோ. எங்களிட்ட ஒரு வாடகைக் கடைக்காரன் நாங்கள் போடாத கீறலுக்குக் காசு கழிச்சவன்.

புதுவை_மீனா

மணியன் சார், உங்கள் நண்பருக்கு நான் பதில் சொல்கிறேன். தூர் நகரத்தில் இரண்டு வருடம் படித்தேன். நானும் குடிப்பதில்லை. ஆனால் அந்த ஊர் அரண்மனை எனக்குப் புரிந்ததே ஒரு ஒயின் நிலவறைக்குள் போன பிறகுதான்.

வூவ்ரே என்று ஒரு கிராமம், தூரிலிருந்து பத்து கிலோமீட்டர். தோழி ஒருத்தி திராட்சை பறிக்கிற வேலைக்குப் போனாள், கூட ஒட்டிக்கொண்டு போனேன். தோட்டக்காரர் வீட்டுக்குப் பின்னால் வெள்ளைப் பாறைச் சரிவு. அதில் ஒரு மரக்கதவு. திறந்தால் உள்ளே நூறடிக்கு மேல் குகை போகிறது, இரண்டு பக்கமும் பீப்பாய். வெளியே வெயில், உள்ளே ஸ்வெட்டர் தேவைப்படுகிற குளிர். கோடையோ பனிக்காலமோ, வருடம் முழுக்க 12 டிகிரியை ஒட்டியே இருக்குமாம். "இந்தக் குகையை ஒயினுக்காகவா தோண்டினீர்கள்?" என்று கேட்டேன். சிரித்தார். "ஒயினுக்காக யாராவது இவ்வளவு தோண்டுவார்களா? இதிலிருந்து கல் எடுத்துத்தான் அதோ அந்த மாதா கோயிலையும் அரண்மனைகளையும் கட்டினார்கள். கல் போன பிறகு மிஞ்சின பொந்து எங்களுக்கு" என்றார்.

அந்தக் கல்லின் பெயர் துஃபோ. சுண்ணாம்புக்கல் வகை, வெட்டும்போது ரம்பத்தால் அறுக்கிற அளவுக்கு மெத்தென்று இருக்கும், காற்றுப் பட்டால் மேல்தோல் இறுகிவிடும். அதனால்தான் அந்தப் பக்கத்து அரண்மனைகளில் தூணிலும் ஜன்னல் மேலும் சரிகை வேலை மாதிரி செதுக்க முடிந்தது. கருங்கல்லில் இதைச் செய்ய நம் ஊர்ச் சிற்பிகளுக்கு எத்தனை உளி தேய்ந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். வெட்டிய கல்லைப் படகில் ஏற்றி ஆற்றோடு அனுப்பினார்கள். பிறகு அதே ஆற்றில் ஒயின் பீப்பாயும் போனது. அரண்மனையும் ஒயினும் ஒரே குழியில் பிறந்தவை சார்.

ஆகவே என் யோசனை: அரண்மனைகளின் எண்ணிக்கையைக் குறையுங்கள், ஒரு குகையைச் சேருங்கள். குடிக்க வேண்டாம், சும்மா உள்ளே போய்ப் பாருங்கள். குழந்தைக்குத் திராட்சைச் சாறு தருகிற தோட்டங்களும் உண்டு.

தங்க ஆம்புவாஸ் வசதி. ஷெனோன்ஸோ பதினைந்து கிலோமீட்டருக்குள். ஷாம்போர் ஐம்பது சொச்சம். மூன்று நாளும் ஒரே விடுதி, பெட்டியைக் கட்டி அவிழ்க்கிற வேலை இல்லை.

நிழல்_தேடி

எல்லாரும் ஆகா ஓகோ என்கிறீர்கள், நான் கொஞ்சம் மறுத்துச் சொல்கிறேன். ஷாம்போர் வெளியிலிருந்து பார்க்கப் பிரமாதம். உள்ளே காலி அறை, காலி அறை, அப்புறம் ஒரு பெரிய காலி அறை. டிக்கெட் காசுக்கு நாலு வேளை சாப்பிடலாம். லுவார் அரண்மனைகள் எல்லாமே ஒன்றைப் பார்த்தால் மற்றதைப் பார்த்த மாதிரிதான். கட்டில், கம்பளம், கணப்பு அடுப்பு.

பழையஏடு

நிழல், காலியாக இருப்பதற்குக் காரணம் உண்டு. ஷாம்போரின் தட்டுமுட்டுச் சாமான்களைப் பிரெஞ்சுப் புரட்சிக் காலத்தில் ஏலம் போட்டுவிட்டார்கள். இன்னொன்று, அது ஒருநாளும் நிரம்பி இருந்த வீடு இல்லை. முதலாம் பிரான்சுவா 1519இல் வேட்டை மாளிகையாகக் கட்டத் தொடங்கினார். 400 அறைக்கு மேல், 282 கணப்பு அடுப்பு. அவர் 1547இல் இறக்கும்வரை அதில் தங்கியது மொத்தமே 72 நாள் என்பார்கள். மன்னர் கிளம்பி வந்தால் கட்டிலும் திரையும் பாத்திரமும் வண்டியில் கூடவே வரும், அவர் போனால் அதுவும் போய்விடும். காலி அறைதான் அதன் இயல்பு நிலை.

அந்தக் காலி இடம் ஒரு முறை பெரிய காரியத்துக்கு உதவியது. 1939 ஆகஸ்டு கடைசியில், போர் வரப்போகிறது என்று தெரிந்ததும், லூவ்ர் அருங்காட்சியகத்து ஓவியங்களைப் பெட்டி பெட்டியாகக் கட்டி ஷாம்போருக்குத்தான் அனுப்பினார்கள். மோனாலிசா உட்பட. அவள் பிறகு வேறு ஊர்களுக்கும் மாற்றப்பட்டாள்.

மணியன், உங்கள் மகளுக்கு அங்கே ஒரு விளையாட்டு இருக்கிறது. நடுவில் உள்ள சுழல் படிக்கட்டு ஒன்று இல்லை, இரண்டு. ஒன்றையொன்று சுற்றிக்கொண்டு மேலே போகின்றன. ஒருவர் ஒன்றில் ஏறி, இன்னொருவர் மற்றதில் இறங்கினால் நடுவிலுள்ள துவாரங்கள் வழியே ஒருவரை ஒருவர் பார்க்கலாம், சந்திக்க முடியாது. லியனார்டோ டா வின்சியின் யோசனை என்று சொல்வது வழக்கம், கையெழுத்து ஆதாரம் கிடையாது. மனிதர் 1516இல் பிரான்சுவாவின் அழைப்பில் ஆம்புவாஸ் வந்தார், அங்கே க்ளோ லூஸே என்ற வீட்டில் இருந்தார், 1519 மே 2ஆம் தேதி காலமானார். ஷாம்போர் வேலை தொடங்கியது அதே வருடம் செப்டம்பரில்.

கோவை_மணியன்

ஒன்பதை நான்காகக் குறைத்துவிட்டேன். ஷாம்போர், ஷெனோன்ஸோ, விலாந்ரி, ஷினோன். பதினெட்டு வயதுக்குள் இருந்தால் ஷாம்போரில் இலவசமாமே, உண்மையா? அம்மா படியேற முடியுமா என்பதுதான் என் பெரிய கவலை.

புதுவை_மீனா

ஷாம்போர் அரசுடையது, சிறுவர்களுக்கு இலவசம். ஷெனோன்ஸோ தனியார் சொத்து, 1913 முதல் மெனியே என்கிற சாக்லெட் வியாபாரக் குடும்பத்தினுடையது. அங்கே உங்கள் மகளுக்கும் டிக்கெட் உண்டு.

அம்மாவுக்கு ஷெனோன்ஸோதான் ஏற்றது. வாசலிலிருந்து நீளமான மரச்சாலை, நிழலில் நடக்கலாம். தரைத்தளத்திலேயே பாதி பார்த்துவிடலாம். மேலே போக நேர்ப்படிக்கட்டு, அந்தக் காலத்தில் பிரான்சில் அது புதுமை. மற்ற அரண்மனைகளில் சுழல் படி, ஓரம் குறுகி இருக்கும், முட்டிவலிக்காரர்களுக்கு ஆகாது.

அது ஷேர் ஆற்றின் குறுக்கே நிற்கிற வீடு. சமையலறை எங்கே தெரியுமா? பாலத் தூணின் அடிவயிற்றில். படகு நேரே அடுப்படிக்கு வந்து சாமான் இறக்கும்! அம்மாவை அங்கே கூட்டிப் போங்கள், செப்புப் பாத்திரங்களைப் பார்த்தால் அரை மணி நேரத்துக்கு நகரமாட்டார்.

பழையஏடு

மாமியார் மருமகள் சண்டையைவிடப் பெரிய கதை ஒன்று அந்த வீட்டில் நடந்தது. இரண்டாம் ஹென்றி மன்னர் 1547இல் அதைத் தன் காதலி தியான் தெ புவாத்தியேவுக்குக் கொடுத்தார். அவள்தான் ஆற்றின் மேல் பாலம் போட்டாள். மன்னர் 1559இல் ஈட்டிப் பந்தயத்தில் அடிபட்டு இறந்தார். பட்டத்து ராணி கேதரின் தெ மெதிசி முதல் வேலையாக, "அந்த வீட்டை விடு, ஷோமோனை எடுத்துக்கொள்" என்று தியானை வெளியேற்றினாள். பிறகு தியான் போட்ட பாலத்தின் மேலேயே அறுபது மீட்டர் நீளத்துக்கு ஒரு கூடம் கட்டி விருந்து வைத்தாள். இரண்டு பெண்களுக்கும் வாசலின் இரு பக்கம் தனித்தனித் தோட்டம் இன்றும் இருக்கிறது.

கூரையிலும் கணப்பு அடுப்பு மேலும் ஹென்றி, கேதரின் இருவரின் முதல் எழுத்துகளைப் பின்னிப் போட்டிருப்பார்கள். கொஞ்சம் உற்றுப் பாருங்கள். ராணியின் எழுத்து மன்னரின் எழுத்தோடு ஒட்டுகிற இடத்தில் தியானின் எழுத்து தெரியும். தற்செயலா என்று உங்கள் மனைவியிடம் கேளுங்கள்.

அந்தக் கூடம் முதல் உலகப்போரில் ராணுவ மருத்துவமனையாக இருந்தது. செலவு மெனியே குடும்பத்தினுடையது. இரண்டு வரிசைக் கட்டில், ஜன்னலுக்கு வெளியே ஆறு. 2,254 காயம்பட்டவர்கள் அங்கே சிகிச்சை பெற்றார்கள். இரண்டாம் போரிலோ ஷேர் ஆறே எல்லைக்கோடு. வடகரையில் ஜெர்மன் ஆக்கிரமிப்பு, கூடத்தின் தென்கோடிக் கதவைத் திறந்தால் மறுகரை சுதந்திரப் பகுதி. அந்தக் கதவு வழியே ஆள் தப்பிப் போயிருக்கிறார்கள்.

லாஷப்பல்_தம்பி

அந்தக் கதவு கதை எனக்குத் தெரியாது. நாங்கள் அந்தக் கதவுக்குப் பக்கத்தில நிண்டுதான் படம் எடுத்தம், ஆற்றங்கரைக்கு இறங்கிற வழி எண்டு நினைச்சன். அடுத்த முறை போகேக்க வேற மாதிரிப் பார்ப்பன். நன்றி ஏடு அண்ணை.

அரட்டை_அரங்கன்

ஒயின் ஊர் என்றால் போர்தோதானே? எல்லா பாட்டிலிலும் "ஷத்தோ இன்னது" என்று போட்டிருக்கிறதே, அத்தனை அரண்மனையும் அங்கேதானே இருக்க வேண்டும்? மணியன் தப்பான ஊருக்குப் போகிறாரோ?

திராட்சைக்காரன்

நல்ல கேள்வி. ஒயின் இறக்குமதித் தொழிலில் இருக்கிறேன், இதை வாரம் ஒரு முறையாவது யாருக்காவது விளக்க வேண்டியிருக்கிறது.

பிரெஞ்சுக்காரனுக்கு "ஷத்தோ" என்று ஒரே சொல். தமிழில் நமக்கு வசதி, மூன்று தனிச்சொல் இருக்கிறது. ஷினோன், அது கோட்டை. மலை மேல் மதில், கொத்தளம், சண்டைக்குக் கட்டினது. ஷாம்போர், ஷெனோன்ஸோ, அது அரண்மனை. போர்தோவில் மெதோக் பக்கம் பார்க்கிற பெரும்பாலான ஷத்தோ, அது பண்ணைவீடு. பணக்காரப் பண்ணைவீடு. பாட்டில் லேபிளுக்காகவே கோபுரம் வைத்துக் கட்டினது போல 19ஆம் நூற்றாண்டில் எழுந்தவை அதில் நிறைய. 1855இல் பாரிஸ் கண்காட்சிக்காக மெதோக் ஒயின்களைத் தரவரிசைப்படுத்தினார்கள், அதற்குப் பிறகு "ஷத்தோ" என்ற பெயருக்குக் கிராக்கி ஏறிவிட்டது. கட்டடமே இல்லாமல் தகரக்கொட்டகை வைத்துக்கொண்டு ஷத்தோ என்று போடுகிறவர்களும் உண்டு.

அதில் ஒன்று மட்டும் நம் ஆட்களுக்குச் சிரிப்பு வரவழைக்கும். சேந்த்-எஸ்தெஃப் ஊரில் கோஸ் தெஸ்தூர்னெல். 19ஆம் நூற்றாண்டின் முதல் பாதியில் அதன் உரிமையாளர் இந்தியாவுக்கு ஒயின் ஏற்றுமதி செய்தார். விற்காமல் கப்பலில் திரும்பி வந்த சரக்கு சுவை கூடியிருந்ததாக நினைத்து, அதைத் தனியாகக் குறியிட்டு விற்றார். அந்த மோகத்தில் ஒயின் கிடங்குக்கு மேல் பகோடா கோபுரங்களைக் கட்டி, வாசலுக்கு சான்சிபாரிலிருந்து செதுக்கிய மரக்கதவும் கொண்டுவந்து மாட்டினார். ஊர்க்காரர்கள் அவரை "மகாராஜா" என்றே கூப்பிட்டார்கள். படுக்கையறை ஒன்றும் இல்லாத அரண்மனை அது, பீப்பாய்கள்தான் குடியிருப்பு.

மெதோக்கில் பெரிய பெயர்கள் எல்லாம் முன்பதிவு இல்லாமல் கேட்டைத் திறக்காது. குழந்தையையும் அம்மாவையும் வைத்துக்கொண்டு போக அது இடம் இல்லை. மணியன் சரியான ஊருக்குத்தான் போகிறார்.

குடிமறுப்பான்

குழந்தையோடு குடி ஊருக்குச் சுற்றுலா! அதற்கு ஒரு இழை வேறு. நம் பண்பாடு எங்கே போகிறது?

மட்டுறுத்துநர்

இந்த விவாதத்துக்கு வேறு பகுதி இருக்கிறது. இங்கே பயணம் மட்டும். மேற்கொண்டு வந்த ஏழு பதிவுகளை அங்கே மாற்றியிருக்கிறேன்.

கோவை_மணியன்

நன்றி ஐயா. அந்த ஏழில் இரண்டு என் மாமாவினுடையது என்று நினைக்கிறேன்.

திராட்சைக்காரன் சார், எனக்கு ஒயின் பற்றி ஒன்றும் தெரியாது. தோட்டத்துக்குப் போனால் என்ன கேட்பது, வாங்கியே ஆக வேண்டுமா, கார் ஓட்டலாமா?

திராட்சைக்காரன்

முதலில் கார். பிரான்சில் ரத்தத்தில் லிட்டருக்கு 0.5 கிராம்தான் எல்லை, புது ஓட்டுநருக்கு 0.2. ஓட்டுகிறவர் வாயில் வைத்துச் சுவைத்துவிட்டுத் துப்பிவிட வேண்டும். அதற்கென்றே மேசை மேல் ஒரு பாத்திரம் வைத்திருப்பார்கள். கூச்சப்படாதீர்கள், எங்கள் தொழிலில் துப்பத் தெரியாதவன் மதியத்துக்குள் படுத்துவிடுவான்.

வூவ்ரேயில் ஷெனின் என்கிற வெள்ளைத் திராட்சை ஒன்றுதான் முக்கியம். அதே பழத்தில் இனிப்பே இல்லாதது, அரை இனிப்பு, தேன் மாதிரி, நுரைக்கிறது என்று எல்லாம் செய்வார்கள். செக், டெமி-செக், முவல்லே, பெத்தியான் என்று இதே வரிசையில் பெயர். எந்த வருடம் என்ன வரும் என்பதை வெயில் தீர்மானிக்கும். உங்களைப் போலப் பழக்கம் இல்லாதவருக்கு டெமி-செக். காரமான சாப்பாட்டோடும் ஒத்துப்போகும். ஷினோன் பக்கம் சிவப்பு, கபர்னே ஃப்ரான் பழம். அங்கே அதைப் "பிரெத்தோன்" என்பார்கள்.

சின்னத் தோட்டங்களில் சுவைக்கக் காசு கேட்க மாட்டார்கள், அல்லது கொஞ்சமாகக் கேட்பார்கள். வாங்கியே ஆக வேண்டும் என்று சட்டம் இல்லை. ஆனால் அரை மணி நேரம் ஒரு விவசாயியை நிறுத்தி வைத்துப் பேசிவிட்டு வெறுங்கையோடு வந்தால் எனக்கே மனசு கேட்காது, ஒரு பாட்டில் எடுத்துக்கொள்ளுங்கள். இந்தியாவுக்குத் திரும்பும்போது ஆளுக்கு 2 லிட்டர் வரை சுங்கவரி இல்லை. கைப்பையில் விடமாட்டார்கள், பெட்டியில் துணி சுற்றி வையுங்கள்.

ஷாம்போருக்குள்ளேயே இப்போது திராட்சைத் தோட்டம் இருக்கிறது, 2015இல் நட்டது. ரொமொராந்தேன் என்கிற பழமும் அதில் உண்டு. பிரான்சுவா மன்னர் பர்கண்டியிலிருந்து கொண்டுவந்த கொடி என்று கதை.

சைக்கிள்_சாமி

கார் கார் என்கிறீர்களே. ஆற்றோரமாகவே சைக்கிள் பாதை இருக்கிறது, மொத்தம் 900 கிலோமீட்டர். பெரிய மேடு இல்லை. ஸோமூர் பக்கம் பாதையே குகை வீடுகளுக்கு நடுவில் போகும். பாறைக்கு நடுவில் புகைபோக்கி, ஜன்னலில் ஜெரேனியத் தொட்டி, உள்ளே மனிதர் குடியிருக்கிறார். ஸோமூரில் நுரை ஒயின் கம்பெனிகளின் நிலவறைகள் எல்லாம் பழைய கல் சுரங்கம்தான். மிச்சச் சுரங்கத்தில் காளான் வளர்க்கிறார்கள். அந்த அம்மாவுக்குச் சொல்கிறேன், வெறும் காளான் போட்டே விருந்து வைக்கிற குகை உணவகம் அந்தப் பக்கம் உண்டு.

கையில் நேரம் இருந்தால் ப்ரெஸே. மேலே பார்த்தால் சாதாரண அரண்மனை. அகழிக்குள் இறங்கினால் பாறைக்குள் இன்னொரு கோட்டை. ரொட்டி அடுப்பு, திராட்சை பிழிகிற கூடம் எல்லாம் பூமிக்குள். நிழல்_தேடி ஐயா, அங்கே கட்டில், கம்பளம் கம்மி.

நிழல்_தேடி

ப்ரெஸே பார்க்கவில்லை. ஒத்துக்கொள்கிறேன். காலி அறை பற்றிச் சொன்னதை மட்டும் திரும்பப் பெற மாட்டேன்.

புதுவை_மீனா

சைவச் சாப்பாடு பற்றி ஒரு எச்சரிக்கை. "ரியெத்" என்று ரொட்டியில் தடவித் தருவார்கள், பார்க்கத் துவையல் மாதிரி இருக்கும். பன்றி. தொடாதீர்கள். சேந்த்-மோர் ஆட்டுப்பால் சீஸ் நன்றாக இருக்கும், நீளமாகச் சாம்பல் பூசி, நடுவில் ஒரு வைக்கோல் குச்சி சொருகியிருக்கும். சீஸ் கெட்டியாக்க விலங்குப் பொருள் சேர்ப்பார்கள், அம்மா அதைப் பார்ப்பவர் என்றால் முதலிலேயே சொல்லிவிடுங்கள். "ஃபுவே" கிடைத்தால் விடாதீர்கள். விறகு அடுப்பில் பூரி மாதிரி உப்பி வரும், சூடாகக் கிழித்து உள்ளே வெள்ளைப் பீன்ஸ் வைத்துச் சாப்பிடுவது. பீன்ஸை இறைச்சி சேர்க்காமல் வேக வைத்தார்களா என்று கேளுங்கள்.

மதியம் இரண்டு மணிக்குச் சமையலறையை மூடிவிடுவார்கள். 2.05க்குப் போய் நின்றால் மன்னர் பிரான்சுவாவே வந்தாலும் சாப்பாடு கிடையாது. ஒரு டப்பாவில் தயிர்சாதம் கட்டிக்கொள்ளுங்கள்.

லாஷப்பல்_தம்பி

அண்ணை, ரயில் ஏற முன்னம், பாரிஸில எங்கட தமிழ்க் கடைகள் இருக்கிற லா ஷப்பலுக்கு ஒரு நடை வாங்கோ. பொடி, ஊறுகாய், இடியப்பம் எல்லாம் கட்டிக்கொண்டு போகலாம். கார் நிலையத்திலயே எடுக்கிறதெண்டால் பாரிஸ் மோன்பர்னாஸ் நிலையத்தில இருந்து தூருக்குப் பக்கத்தில இருக்கிற சேன்-பியேர்-தெ-கோர் நிலையத்துக்கு ரயிலில ஒரு மணித்தியாலம்தான்.

கோவை_மணியன் (ஐந்து வாரம் கழித்து)

போய் வந்துவிட்டோம். கேட்டுவிட்டுப் பதில் சொல்லாமல் போகிற கூட்டத்தில் நான் சேரக்கூடாது என்று எழுதுகிறேன்.

நான்கில் மூன்றுதான் பார்த்தோம். ஷினோன் விட்டுப்போனது, மூன்றாம் நாள் குகையில் நேரம் போய்விட்டது.

ஷாம்போரில் மகளும் மனைவியும் அந்த இரட்டைப் படிக்கட்டில் ஏறி இறங்கியது ஐந்து முறை. துவாரம் வழியே கை நீட்டித் தொடப் பார்த்தார்கள், எட்டவில்லை. நானும் அம்மாவும் கீழே பெஞ்சில். நிழல்_தேடி சொன்னது நிஜம், அறைகள் காலிதான். ஆனால் மொட்டை மாடிக்குப் போனால் புகைபோக்கியும் கோபுரமுமாக ஒரு சின்ன ஊரே இருக்கிறது, அதற்காகவே இன்னொரு முறை போவேன்.

விலாந்ரியில் காய்கறித் தோட்டம். கத்தரி, முட்டைக்கோஸ், மிளகாய், கீரை எல்லாம் ஒன்பது சதுரமாக, நிறம் பார்த்து நட்டிருக்கிறார்கள். மேலிருந்து பார்த்தால் புள்ளி பிசகாத கோலம். "இதைப் பறிக்க மனசு வருமா இவங்களுக்கு?" என்று அம்மா கேட்டுக்கொண்டே இருந்தார்.

ஷெனோன்ஸோவில் சமையலறைக்குப் பிறகு அம்மா போதும் என்பார் என நினைத்தேன். இரண்டாவது மாடியில் ஒரு கறுப்பு அறை இருக்கிறது என்று மகள் எங்கிருந்தோ கேட்டுக்கொண்டு வந்தாள். கைப்பிடியைப் பிடித்து ஒவ்வொரு படியாக ஏறிவிட்டார். லூயிஸ் என்கிற ராணியின் அறை. கணவர் மூன்றாம் ஹென்றி 1589இல் கொலையானதும் சுவர் முழுக்கக் கறுப்பு அடித்து, வெள்ளியில் கண்ணீர்த்துளி வரைந்து, அதற்குள்ளேயே வாழ்ந்திருக்கிறார். அந்தக் காலத்து வழக்கப்படி வெள்ளை உடுத்தியதால் வெள்ளை ராணி என்று பெயராம். படித்துச் சொன்னேன். "இங்கேயும் வெள்ளையா?" என்று மட்டும் கேட்டார். அப்பா போய் ஆறு வருடம் ஆகிறது. அம்மா வெள்ளை உடுத்தியதில்லை, பாட்டி கடைசிவரை உடுத்தினார். ஜன்னல் பக்கம் போய் ஆற்றைப் பார்த்துக்கொண்டு நின்றார், நாங்கள் அவசரப்படுத்தவில்லை.

வூவ்ரே குகைதான் மகளுக்குப் பிடித்தது. தோட்டக்காரர் அம்மா இந்தியாவிலிருந்து என்றதும் பீப்பாயை எல்லாம் விட்டுவிட்டு, சுவரில் ரம்பம் அறுத்த தடத்தைக் காட்டினார். விரலை வைத்தால் பள்ளம் தெரிகிறது. கீழே உதிர்ந்து கிடந்த துண்டு ஒன்றை எடுத்து அம்மா கையில் தேய்த்துப் பார்த்தார். உள்ளங்கை வெள்ளை. "கோலமாவுக் கல்லேதான்" என்றார். அனுமதி கேட்டு இரண்டு துண்டு எடுத்து வந்தோம், ஒன்று பூஜை அறையில் இருக்கிறது.

மீனா மேடம், உங்களுக்கு எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. ஏடு ஐயா, அந்த எழுத்தை மனைவியிடம் காட்டினேன். ஒரு பார்வை பார்த்தாள், அதற்கு மேல் நான் பேசவில்லை.

கேலி செய்த நண்பருக்கு ஒரு டெமி-செக் பாட்டில் வாங்கி வந்து கொடுத்தேன். நேற்று போன் செய்தார். ஐஸ் போட்டு, செவனப் கலந்து குடித்தாராம், நன்றாக இருந்ததாம்.

திராட்சைக்காரன்

செவனப்பா? அடுத்த முறை அவருக்குத் திராட்சைச் சாறு வாங்கிக் கொடுங்கள், போதும்.